முடிச்சில்லாத் தையலின் கணக்கு

வட கர்நாடகத்தில் தார்வாட், ஹுப்பள்ளி பக்கத்துப் பெண்கள் சேலையில் செய்யும் பூத்தையலுக்குக் கசூத்தி என்று பெயர். வேலை தெரிந்தவர்கள் கசூத்திச் சேலையைக் கையில் வாங்கியதும் தலைப்பைப் புரட்டி மறுபுறத்தைத்தான் பார்ப்பார்கள். மேற்புறத்துக் கோபுரம் அடிப்புறத்திலும் அதே கோபுரமாக இருக்க வேண்டும். தேரும், யானையும், துளசி மாடமும், மயிலும் அப்படித்தான். எங்கும் முடிச்சு கிடையாது. தொங்கும் நூல் கிடையாது. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நூல் தாவிய தடமும் கிடையாது.

சேலைக்கு இது வேண்டியதுதான். தோளிலிருந்து தொங்கும் முந்தானை காற்றில் புரளும், இடுப்பில் செருகும்போது திரும்பும். இரண்டு பக்கமும் நாலு பேர் கண்ணில் படும். ஐரோப்பாவிலும் இதே தேவை இதே தையலை வளர்த்தது. பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சட்டைக் கழுத்துப்பட்டியிலும் மணிக்கட்டு மடிப்பிலும் கறுப்பு நூலால் இப்படித் தைத்தார்கள். ஓவியர் ஹான்ஸ் ஹோல்பைன் தீட்டிய உருவப்படங்களில் அந்த மடிப்புகளின் தையல் இழை இழையாகத் தெரிகிறது. அதனால் அந்தத் தையலுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

விடுமுறையில் நாலைந்து நாள் ஓர் ஊரில் தங்கி, அந்த ஊர்க் கைவேலையை அங்குள்ளவர்களிடமே கற்றுக்கொள்ள இப்போது பலர் ஆசைப்படுகிறார்கள். தார்வாட் பக்கம் அப்படிப் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஊசியையும் நூலையும் பையில் வைப்பதற்கு முன், இந்தத் தையலுக்குள் இருக்கும் ஒரு கணக்கைத் தெரிந்துகொண்டால் அங்கே பார்க்கும் ஒவ்வொன்றும் பல மடங்கு பொருள் தரும்.

நான்கு தையல்கள்

கசூத்தியில் முக்கியமானவை நான்கு தையல்கள். துணியில் படம் வரைந்துகொண்டு அதன்மேல் தைப்பது இங்கே வழக்கமில்லை. பாவு இழையையும் ஊடை இழையையும் எண்ணி எண்ணித்தான் ஊசி இறங்கும்.

கவந்தி என்பது இரட்டை ஓட்டுத்தையல். ஒரு கோட்டின் வழியே ஒன்றுவிட்டு ஒன்றாகத் தைத்துக்கொண்டு போய், திரும்பி வரும்போது விட்ட இடங்களையெல்லாம் நிரப்ப வேண்டும். முர்கி இதே முறையில் படிக்கட்டுப் போல ஏறி இறங்கும். இவ்விரண்டிலும் இருபுறமும் ஒன்றாகவே இருக்கும். நெய்கே தையலில் நீளமும் குட்டையுமான ஓட்டுகள் பக்கம் பக்கமாக அமைந்து, தறியில் நெய்த பூவைப் போல் தெரியும். மேலே நூல் தெரியும் இடத்தில் கீழே வெறும் துணி, கீழே நூல் தெரியும் இடத்தில் மேலே வெறும் துணி. அதனால் ஒரு புறம் மற்றதற்கு எதிர்ப்பதிவு. ஹெந்தெ என்பது குறுக்குத்தையல். அதில் மேலே பெருக்கல் குறி தெரிந்தாலும் அடியில் வேறு தோற்றம்தான். நான்கையும் வரிசையாகப் பார்த்தால், துணியின் முகத்துக்கும் முதுகுக்கும் இடையே எத்தனை விதமான உறவு இருக்க முடியும் என்பதற்கு ஒரு சிறு பாடமே கிடைத்துவிடும்.

இவற்றில் கவந்திதான் நம்மை உட்கார்ந்து யோசிக்க வைக்கும்.

ஒரு சதுரம், ஒரு சிக்கல்

ஓட்டுத்தையலில் ஊசிக்கு ஒரே ஒரு விதிதான். மேலே ஒரு தையல் விழுந்தால் அடுத்தது கீழேதான் விழும். அதற்கடுத்தது மீண்டும் மேலே. இந்த மாற்று ஒழுங்கை மீற முடியாது. கவந்தி கேட்பதோ, உருவத்தின் ஒவ்வொரு கோட்டுத் துண்டிலும் மேலே ஒரு முறையும் கீழே ஒரு முறையும் நூல் ஓட வேண்டும் என்பது. ஒரே துண்டில் மேலேயே இரண்டு முறை ஓடினால் கோடு தடித்துவிடும், மறுபுறம் வெறுமையாகிவிடும்.

மிக எளிய உருவமாக ஒரு சதுரத்தை எடுத்துக்கொள்வோம்; பக்கத்துக்கு ஒரு தையல். மேல்விளிம்பில் முதல் தையல் துணியின் மேலே விழுகிறது. வலப்பக்கம் கீழே, அடிவிளிம்பு மேலே, இடப்பக்கம் கீழே. நான்கு தையலில் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டோம். இப்போது துணியின் மேற்புறம் இரண்டு பக்கங்களும், அடிப்புறம் மற்ற இரண்டு பக்கங்களும் தெரிகின்றன. மீதியை நிரப்ப அதே திசையில் இன்னொரு சுற்றுப் போகலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் ஐந்தாவது தையல் மேலே விழ வேண்டியது. மேல்விளிம்பிலோ மேலே ஏற்கெனவே நூல் இருக்கிறது! எத்தனை சுற்றுச் சுற்றினாலும் இதே கதைதான்.

வந்த வழியே திரும்பிப் பாருங்கள். ஐந்தாவது தையல் இடப்பக்கத்தில் மேலே விழும்; அங்கே அதுதான் குறை. ஆறாவது அடிவிளிம்பில் கீழே, ஏழாவது வலப்பக்கத்தில் மேலே, எட்டாவது மேல்விளிம்பில் கீழே. சதுரம் இருபுறமும் முழுமையாகிவிட்டது.

முக்கோணத்தில் இந்தச் சிக்கல் எழாது. மூன்று தையலில் ஒரு சுற்று முடிவதால், நான்காவது தையல் முதல் பக்கத்தில் தானாகவே கீழே விழும். அதே திசையில் சுற்றினாலும் சரி, திரும்பி வந்தாலும் சரி, கணக்குப் பொருந்தும். சுற்றில் இருக்கும் தையல்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதுதான் வேறுபாடு.

ஒரு மயிலின் தோகையில் எத்தனையோ கிளைகளும் சுற்றுகளும் உண்டே, அங்கே என்ன செய்வது? அதற்கும் ஒரே விதி போதும். ஊசி ஒரு கிளைக்குள் போனால், அதன் நுனிவரை சென்று வந்த வழியே திரும்பித் தாய்க்கோட்டுக்கு வர வேண்டும். ஒரு சுற்றின் முடிவில் ஏற்கெனவே தைத்த புள்ளியைத் தொட்டுவிட்டால், அதையும் ஒரு நுனியாகவே கொண்டு திரும்பிவிட வேண்டும். அவ்வளவுதான்.

இது ஏன் தவறுவதில்லை? கிளைக்குள் இருக்கும் ஒவ்வொரு துண்டிலும் போகும்போது ஒரு தையல், திரும்பும்போது ஒரு தையல் என இரண்டு விழுகின்றன. ஆகவே கிளை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதற்குச் செலவாகும் தையல்கள் இரட்டைப்படைதான். மேலும் கீழுமாக மாறி மாறி வரும் வரிசையில் இரட்டைப்படை எண்ணிக்கை கழிந்தால், விட்ட இடத்தில் எந்தப் பக்கம் முறையோ அதே பக்கம்தான் அடுத்த முறையும் வரும். தாய்க்கோட்டுக்கு ஒரு குழப்பமும் இல்லை. அதேபோல் ஒரு துண்டில் போவதற்கும் அதே துண்டில் திரும்புவதற்கும் நடுவே விழும் தையல்கள் இரட்டைப்படையாக இருப்பதால், போனது மேலே என்றால் வருவது கீழே. கோடுகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருந்தால் போதும். எந்த உருவமானாலும் ஒரே நூலில், நூலை அறுக்காமல், இருபுறமும் ஒன்றாகத் தைத்துவிடலாம்.

ஆய்லரும் வாசல் கோலமும்

இந்த உண்மைக்குக் கணிதத்தில் ஒரு பழைய வேர் உண்டு. கோனிக்ஸ்பெர்க் நகரின் ஏழு பாலங்களையும், ஒன்றைக்கூட இரண்டாம் முறை மிதிக்காமல் ஒரே நடையில் கடக்க முடியுமா என்ற கேள்விக்கு 1736-ல் லியோன்ஹார்ட் ஆய்லர் விடை சொன்னார்: முடியாது. கையை எடுக்காமல், எந்தக் கோட்டையும் இரண்டு முறை வரையாமல், புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டுமானால், ஒவ்வொரு சந்திப்பிலும் கூடும் கோடுகள் இரட்டைப்படையாக இருக்க வேண்டும். கோனிக்ஸ்பெர்க்கில் நான்கு நிலப்பகுதிகளிலும் பாலங்கள் ஒற்றைப்படையாக இருந்தன. கவந்தியில் ஒவ்வொரு கோடும் இரண்டு முறை தைக்கப்படுவதால், எந்தச் சந்திப்பானாலும் எண்ணிக்கை தானாகவே இரட்டையாகிவிடுகிறது. ஆய்லரின் தடை இங்கே வருவதே இல்லை. மேலும் கீழும் மாறி விழ வேண்டும் என்ற கூடுதல் நிபந்தனையையும் சேர்த்துக் கணித அறிஞர் ஜாஷுவா ஹோல்டன் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அவர் எடுத்துக்கொண்டது இங்கிலாந்தின் கறுப்புநூல் தையல். விடை கவந்திக்கும் அப்படியே பொருந்தும்.

தமிழ் வாசகர்களுக்கு இந்த உலகம் புதிதல்ல. புள்ளிகளைச் சுற்றி ஒரே இழையாக ஓடி, தொடங்கிய இடத்திலேயே முடியும் சிக்குக் கோலமும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். சென்னை கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1970-களில் கோலங்களுக்கு இலக்கண விதிகள் வகுத்து ஆராய்ந்தார்கள். கணினி அறிவியலின் மொழிக் கோட்பாட்டில் கோலம் இடம்பெற்றது அவர்களால்தான். கோலத்தில் இழை தரையின் ஒரு முகத்தில் மட்டும் ஓடுகிறது. கவந்தியில் துணியின் இரு முகங்களிலும் மாறி மாறி ஓடுகிறது.

புறப்படும் முன்

போவதற்குச் சில வாரம் முன்பே கட்டத்தாளில் ஒரு சிறு உருவத்தை வரைந்து, நூல் போக வேண்டிய வழியை எண்ணிட்டுப் பழகுங்கள். ஒற்றைப்படை எண் மேலே, இரட்டைப்படை எண் கீழே. இரண்டு மூன்று உருவங்களுக்குள் விரலுக்கு அந்த நடை பிடிபட்டுவிடும்.

நூலைப் பொறுத்தவரை பழைய கைகள் ஒரு முழத்துக்கு மேல் கோப்பதில்லை. அதன் காரணத்தைக் கணக்கிட்டால் வியப்பாக இருக்கும். ஒரு முழம் சுமார் 45 செ.மீ. ஒரு தையலுக்கு 3 மி.மீ. நூல் செலவானால் 150 தையல் வரும். ஒவ்வொரு தையலிலும் மிச்சமிருக்கும் நூல் முழுவதும் துளை வழியே இழுபட வேண்டும். சராசரியாக 22.5 செ.மீ. என்று வைத்தால், மொத்தம் ஏறக்குறைய 34 மீட்டர் உராய்வு. சோம்பலுக்கு இடம் கொடுத்து 90 செ.மீ. கோத்தால் 300 தையல், சராசரி 45 செ.மீ., மொத்தம் 135 மீட்டர். நூல் இரண்டு மடங்கானால் உராய்வு நான்கு மடங்காகிறது. ஊசிக்காதுக்கு அருகில் இருக்கும் பகுதி கடைசிவரை ஒவ்வொரு துளையிலும் தேய்ந்துகொண்டே வருவதால், நூலின் மினுக்கம் முதலில் போவதும் அங்கேதான்.

அந்த மினுக்கத்துக்கும் ஓர் அறிவியல் உண்டு. கசூத்தியில் பழைய வழக்கம் பட்டு நூல். பட்டு இழையின் குறுக்குவெட்டு ஏறக்குறைய முக்கோணம். அதன் தட்டையான முகங்களில் ஒளி பட்டுத் தெறிக்கிறது. பருத்தி இழையை நுண்ணோக்கியில் பார்த்தால் முறுக்கிக்கொண்ட தட்டை நாடாவாகத் தெரியும்; ஒளி அதில் சிதறிவிடும். 1844-ல் ஜான் மெர்சர் பருத்தியைக் காரச் சோடாக் கரைசலில் நனைத்தபோது அந்த நாடா உப்பி உருண்டை வடிவம் கொண்டது. கூடவே சுருங்கவும் செய்தது. 1890-ல் ஹொரேஸ் லோ, நனைக்கும்போதே நூலை இழுத்துப் பிடித்தால் சுருங்காது, பளபளப்பும் கூடும் என்று கண்டார். இன்று கடையில் ஆறு பிரியாகக் கிடைக்கும் எம்பிராய்டரி நூலின் மினுமினுப்பு அப்படி வந்தது. சிவப்பு, கறுப்பு நூல்களை வாங்கியதும் ஈரமான வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் இறங்கும் நூலை அங்கேயே ஒதுக்கிவிடலாம்.

ஊசிக்கு முனை மழுங்கியிருக்க வேண்டும். கூர்முனை இழையைக் குத்திப் பிளக்கும்; கவந்தியிலோ திரும்பி வரும் நூல் அதே துளையில், முதலில் போன நூலைப் பிளக்காமல் நுழைய வேண்டும். ஊசி எண் கூடக் கூட ஊசி மெல்லியதாகும். 24, 26 எண் ஊசிகள் இரண்டிரண்டு இருந்தால் போதும். தைக்கும்போது விரல்கள் ஊசியை அறியாமலே உருட்டுவதால் நூலில் முறுக்கு ஏறும் அல்லது அவிழும். அவ்வப்போது துணியைத் தூக்கி ஊசியைத் தொங்கவிட்டால், அது தானாகச் சுழன்று முறுக்கைச் சரிசெய்துகொள்ளும்.

பயிற்சித் துணியில் பாவும் ஊடையும் ஒரே நெருக்கத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரு திசையிலும் இருபது இழை எண்ணி அளந்தால் தெரிந்துவிடும். ஒரு திசை நெருக்கமாக இருந்தால் சதுரம் நீள்சதுரமாகும், கோபுரம் குள்ளமாகும். இன்றைய சேலைகள் பலவற்றில் இழை எண்ண முடியாத அளவுக்கு நெசவு நெருக்கம். அதனால் மேலே ஒரு வலைத்துணியை ஓட்டி, அதன் கட்டங்களை எண்ணித் தைத்து, முடிந்ததும் வலையின் இழைகளை ஒவ்வொன்றாக உருவிவிடும் வழக்கமும் வந்திருக்கிறது.

கண்ணையும் கவனிக்க வேண்டும். வயதோடு கண்ணின் வில்லை இறுகிவருவதால், நாற்பதை ஒட்டிக் கிட்டத்தில் இருக்கும் இழைகள் கலங்கித் தெரியும். உருப்பெருக்கிக் கண்ணாடி எடுத்துச் செல்வதில் தயக்கம் வேண்டாம். கசூத்திக்குப் பேர்போன சந்திரகாளி கருஞ்சேலை போன்ற துணியில் தைக்கும்போது மடியில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்துக்கொள்ளுங்கள். கறுப்பு இழைகளுக்கு இடையே வெண்மை ஊடுருவித் தெரிய, எண்ணுவது எளிதாகும்.

சுற்றியுள்ள தறிகள்

தார்வாடுக்குப் போய்விட்டு ஊசியோடு மட்டும் திரும்பிவிடக் கூடாது. கசூத்தி வளர்ந்தது தறிகளுக்கு நடுவே. அதன் இயல்பான இருப்பிடம் பாகல்கோட் மாவட்டத்து இல்கல் சேலை. பருத்தி உடலும் பட்டு முந்தானையும் கொண்ட மரபான இல்கல் சேலையில், உடலுக்கான பாவின் வளையங்களுக்குள் முந்தானைப் பாவின் வளையங்களைக் கோத்துப் பிணைத்து, பிறகு நெசவைத் தொடர்கிறார்கள். தைத்து ஒட்டாமல் இரண்டு வேறு நூல்கள் ஒரே துணியாகும் அந்த இணைப்பைத் தடவிப் பாருங்கள். அதே மாவட்டத்துக் குலேத்குட்டில் ரவிக்கைக்கென்றே நெய்யும் கண துணியும் பார்க்க வேண்டியது.

தார்வாட் மாவட்டத்திலேயே நவல்குந்தில் பெண்கள் வீட்டில் நிறுத்திவைத்த செங்குத்துத் தறியில் ஜமக்காளம் நெய்கிறார்கள். கரக் என்ற ஊரில் தேசியக் கொடிக்கான கதர் நெய்யப்படுகிறது. ஹுப்பள்ளி பெங்கேரியில் உள்ள கதர் கிராமத் தொழில் கூட்டமைப்பு கதரில் தேசியக் கொடிகளைச் செய்கிறது. இன்னும் கிழக்கே சண்டூரில் லம்பாணிப் பெண்கள் கண்ணாடியும் சோழியும் பதித்துச் செய்யும் தையல், எண்ணித் தைக்கும் கசூத்திக்கு முற்றிலும் வேறான உலகம்.

போய்வந்த பின், அல்லது போகும் முன், நீலகிரியையும் நினைத்துக்கொள்ளலாம். தோடர் பெண்கள் வெளிறிய பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால் இழை எண்ணித் தைக்கும் பூத்தையல் 2013-ல் புவிசார் குறியீடு பெற்றது. அவர்கள் துணியின் பின்புறத்திலிருந்து தைக்கிறார்கள். நூலைச் சற்றே தளர விட்டுச் சிறு மேடுகள் எழச் செய்கிறார்கள். இழை எண்ணுவது கசூத்திக்கும் இதற்கும் பொது. இரு முகங்களையும் கையாளும் விதம் வேறு.

ஏன் அருகில் போய் உட்கார வேண்டும்

புத்தகத்திலும் காணொளியிலும் கசூத்தி உருவங்கள் ஏராளமாகக் கிடைக்கும்போது, அவ்வளவு தூரம் போவானேன் என்று சிலர் கேட்கலாம். விடை கவந்தியின் கணக்கிலேயே இருக்கிறது.

முடிந்த கவந்தியில் எல்லாத் துண்டுகளும் இருபுறமும் நிரம்பியிருக்கின்றன. எந்த முனையில் தொடங்கினார்கள், எந்தக் கிளைக்கு முதலில் போனார்கள், எங்கே திரும்பினார்கள் என்பதைத் துணியைப் பார்த்துச் சொல்வது மிகக் கடினம். நான்கு கோடுகள் கூடும் ஒரு சந்திப்புக்கு வந்து சேர்ந்தால் மீதி மூன்று கிளைகளை ஆறு வரிசைகளில் தைக்கலாம். அப்படிப்பட்ட பத்துச் சந்திப்புகள், சுற்று ஏதும் இல்லாத சிறிய கொடியில் இருந்தால்கூட வழிகளின் எண்ணிக்கை ஆறைப் பத்து முறை பெருக்கிய தொகை. ஆறு கோடிக்கும் மேல். அத்தனை வழிகளும் கடைசியில் ஒரே தோற்றத்தைத்தான் தரும். ஆனால் எல்லாம் ஒரே அளவு நல்லவை அல்ல. சில வழிகளில் ஒரு முழ நூல் கிளை நடுவே தீர்ந்துபோகும், சிலவற்றில் தீரும் இடம் வாகான சந்திப்பாக அமையும். சில வழிகளில் எண்ணிக்கையை நினைவில் வைப்பது கடினம், சிலவற்றில் முன்பே தைத்த கோடே அடுத்த துளையைக் காட்டிக்கொடுக்கும்.

ஆறு கோடியில் எது நல்லது என்பதைத் தலைமுறை தலைமுறையாகத் தைத்துத் தேர்ந்தவர்கள் அந்தப் பெண்கள். ஒற்றை, இரட்டை என்ற வாதத்தைக் காகிதத்தில் எழுதாமலே அதன் முடிவை விரலில் வைத்திருக்கிறார்கள். முடிந்த சேலை அந்த அறிவின் விளைவை மட்டுமே சுமக்கிறது. அறிவு தைப்பவரிடம்தான் இருக்கிறது. அவர் தைக்காமல் போனால், அருங்காட்சியகத்தில் ஆயிரம் சேலைகள் பத்திரமாக இருந்தாலும் அந்த வழி திரும்பக் கிடைக்காது. கைவேலைக்குக் கூலியைப் பேரம் பேசிக் குறைப்பவர்கள் எதை அழிக்கிறார்கள் என்பதை இந்தக் கோணத்தில் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எனவே தார்வாட் பக்கம் கற்கப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கட்டத்தாளையும் பென்சிலையும் மறக்காதீர்கள். கற்றுத் தருபவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் ஊசி போகும் வழியை அவருடைய அனுமதியோடு எண்ணிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கே திரும்பினார், ஏன் அங்கே திரும்பினார் என்று கேளுங்கள். தாளின் மேலே அவருடைய பெயரையும் ஊரையும் எழுதுங்கள். ஒரு படியை அவரிடமே கொடுங்கள். உருவங்களின் படங்கள் நம்மிடம் நிறையவே இருக்கின்றன. எழுதப்படாமல் இருப்பது அவற்றின் வழிகள்தான். அதை எழுதுவதற்குக் கணித அறிஞராக இருக்க வேண்டியதில்லை. பொறுமையாக எண்ணத் தெரிந்தால் போதும்.